டேப்பில் பதிந்த பெயர்

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த புதிதில் ஒருநாள் பஸ்ஸில் ஏறி, "அருவிக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த அருவிம்மா? அஞ்சருவியா, புலியருவியா, பெரிய அருவியா?"

"பெரிய அருவி."

"அப்பம் குத்தாலம்னு சொல்லுங்க. அருவிக்குள்ள கொண்டுபோயா பஸ்ஸ நிறுத்தப் போறேன்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. மேலகரத்தில் இறங்கவேண்டிய ஒரு அம்மாள் மட்டும் எனக்காக வாயைத் திறந்தாள். "வீட்டுக்காரரு பேரா இருக்கும்யா. பேசாம டிக்கெட்டக் கிழியும்" என்றாள். கண்டக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துக் கண்டக்டர்களுக்கு இது பழகிப்போன சங்கதிதான்.

அந்த ஊர் சாமியின் பெயரைத்தான் என் வீட்டுக்காரருக்கு வைத்திருந்தார்கள். தென்காசியில் நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் பாதி ஆம்பிளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று அப்போது நம்பினார்கள். பெயரை மட்டுமா, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிற எதையும் சொல்லக்கூடாது. முருகன் என்று பெயருள்ளவனைக் கட்டியவளுக்கு ஒரு பெயரோடு போயிற்று. எனக்கு ஒரு ஊரே போயிற்று. ஊரும் போய், கோயிலும் போய், அந்த ஊருக்குப் போகிற ரோட்டின் பெயரும் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை நர்ஸ் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டபோது ஜன்னல் வழியாக மேற்கே மலையைக் கைகாட்டினேன். அவளும் இந்தப் பக்கத்துக்காரி. சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. மற்றவர்கள் சொன்ன இடத்தில் எழுதிவிடுகிறேன். நானாகச் சொல்லவேண்டிய இடத்தில் அருவி ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மைக் செட் வைத்திருந்தார். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார், மாமியார் எங்களோடு இருந்தாள். கடை என்றால் ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி, நாலைந்து குழாய் ஸ்பீக்கர்கள், இசைத்தட்டு சுற்றுகிற மிஷின் ஒன்று, ஊசி டப்பாக்கள், கரண்டு வராத ஊர்களுக்கு எடுத்துப்போக லாரி பேட்டரி. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, எலெக்ஷன் மீட்டிங் எல்லாவற்றுக்கும் அவர்தான். சுரண்டைப் பக்கம், வீரகேரளம்புதூர்ப் பக்கம் மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போவார். ஆனி, ஆடியில் சாரல் விழ ஆரம்பித்தால் அருவி ஊரிலேயே குடியிருப்பார். கடைக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு குழாய் கட்டச் சொல்லுவார்கள். பாட்டுக்கு நடுவில், கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளைகளின் அடையாளத்தையும் அவர்தான் மைக்கில் சொல்லவேண்டும். தண்ணீர் விழுகிற இரைச்சலில் அந்தக் குழாய்தான் ஜெயிக்கும்.

இசைத்தட்டுகளைத் துடைத்து உறையில் போடுவது என் வேலை. எனக்குப் பாட்டு தெரியும். பிறந்தது வீரகேரளம்புதூரில். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த பாட்டு வாத்தியார் என் அப்பாவிடம், "கொரலு சுத்தமா இருக்கு. ஆனா முத்தம் தாண்டாது" என்று சொல்லிவிட்டார். முற்றம் தாண்டாத குரல். அப்போது பாட்டு என்றால் கடைசி வரிசையில் படுத்துக்கிடப்பவனையும் தட்டி எழுப்புகிற தொண்டை வேண்டும். அது இல்லாதவர்கள் நலங்குக்கும் கொலுவுக்கும் பாடிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். பழைய காலத்தில் சங்கீதம் எப்படி இருந்தது தெரியுமா என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அந்தப் பழைய காலத்தில் எனக்கு முற்றம் வரைக்கும்தான் இடம்.

மைக் வந்த பிறகு எல்லாம் தலைகீழாகிப்போனது. அடங்கிப் பாடுகிறவர்களுக்கு மவுசு வந்தது. கச்சேரிக்கு வருகிற வித்வான்கள் எங்கள் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நம்ம பக்கத்து மைக்கக் கொஞ்சம் தூக்கி வையுங்க" என்று குழைவதை நானே பார்த்திருக்கிறேன். மேடையில் யார் குரல் பெரியது என்பதை ஒரு திருகு முடிவு செய்தது. அந்தத் திருகு எங்கள் வீட்டில் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

ஒருநாள் மத்தியானம் ஒரு மைக் கரகரத்தது. அவர் அதைப் பின்கட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார்.

"ஏட்டி, ஏதாச்சும் பாடு. ஒன் டூ த்ரீன்னா கோளாறு தெரிய மாட்டேங்கு."

எனக்கு முதலில் வாயில் வந்தது எங்கள் வாத்தியார் அருவி ஊர் சாமியின்மேல் தானே கட்டிச் சொல்லிக்கொடுத்த பாட்டு. ஒரு பெண் அந்தச் சாமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சற்றே திரும்பிப் பார் என்று கேட்கிற பாட்டு. கூப்பிடுகிற பெயர்தான் முதல் வார்த்தை. கல்யாணத்துக்கு முன்னால் ஆயிரம் தடவை பாடியிருப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு, சுரம் மட்டும் நிற்கும்படி 'ம்ம்ம்' என்று இழுத்துவிட்டு, அடுத்த வார்த்தையில் சேர்ந்துகொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான் பாடினேன். மாடியில் காயவைத்திருந்த குழாயின் வயர் அந்தப் பெட்டியிலேயே சொருகியிருந்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

பாட்டு முடியவும் எதிர்த்த பலசரக்குக் கடை அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார்.

"வே, புது ரிக்கார்டா? பொம்பளக் கொரலு, நல்லா இருக்குவே. ஆனா ஒம்ம ஏமாத்திட்டான். மொத வார்த்தையில கீறல் விழுந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் அந்த எடத்துல 'ம்ம்ம்'னு இழுக்கு. மாத்தி வாங்கும்."

எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்குரூ தேடுகிறவர் மாதிரி மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டார். உள்ளே என் மாமியாருக்கு, அத்தை என்றுதான் கூப்பிடுவேன், முகம் சிவந்துவிட்டது. வீட்டுப் பெண்ணின் குரல் தெருவில் போவதா என்று அவள் ஆரம்பிப்பதற்குள், அண்ணாச்சி ரிக்கார்டு என்று நம்பிவிட்டுப் போனது அவள் காதிலும் விழுந்தது.

"ரிக்கார்டுன்னே இருக்கட்டும். யாருட்டயும் ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றாள்.

அந்த 'ரிக்கார்டை' தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போடச்சொல்லி ரெண்டு மூன்று பேர் வந்து கேட்டார்கள். அது உடைந்துவிட்டது என்று அவர் சொல்லிச் சமாளித்தார். அதை நான் நிறைய நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு மேடையில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடியிருந்தால் என் சேலையிலிருந்து என் குடும்பம் வரைக்கும் ஊர் பேசியிருக்கும். குழாய் வழியாக வந்தபோது பாட்டை மட்டும் பேசியது. ஆளை வீட்டில் விட்டுவிட்டுக் குரல் மட்டும் வெளியே போய்வர இந்த மிஷின் ஒரு வழி பண்ணிவிட்டது. அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அறுபதுகளில் திருநெல்வேலிக்கு ரேடியோ ஸ்டேஷன் வந்தது. அதுவரைக்கும் தூரத்து ஸ்டேஷன்களைக் கொர் கொர் என்ற இரைச்சலுக்குள்ளே தேடிப் பிடித்துக் கேட்டவர்களுக்குப் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி கேட்டது. ஆளாளுக்கு ரேடியோப் பெட்டி வாங்க ஆரம்பித்தார்கள். இனிமேல் குழாய் கட்ட யார் கூப்பிடுவார்கள் என்று மற்ற மைக் செட்காரர்கள் புலம்பினார்கள். எங்கள் வீட்டுக்காரர் புலம்பவில்லை. ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, போர்டில் ஒரு வரி சேர்த்து எழுதினார். புது சாமான் எது வந்தாலும் முதலில் அதைக் கழற்றிப் பார்க்கவேண்டும் அவருக்கு.

உள்ளூர்ப் பாடகர்களுக்குக் குரல் பரீட்சை வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சொன்னவரும் அவர்தான். அத்தையை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாடும்போது ஆள் யாரும் பாக்க மாட்டாவள்ல?"

"கேக்கத்தான் செய்வாவ அத்தை. பாக்க முடியாது."

"அப்பம் போயிட்டு வா."

யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சம்மதித்தவள், புறப்படும்போது பட்டுச்சேலை கட்டி, இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அதை என்னவென்று சொல்வது. பரீட்சையில் தேறினேன். அங்கே இருந்த நிகழ்ச்சி அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. என்னென்ன பாட்டு தெரியும் என்று கேட்டார். சொன்னேன்.

"சாரல் சீசனுக்கு ஒரு நிகழ்ச்சி பண்றோம். குற்றாலத்தைப் பத்தி ஏதாவது பாட்டு இருக்கா உங்ககிட்ட?"

நான் சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் பாட்டு ஒன்று இருக்கிறது என்று வாய் சொல்லிவிட்டது. இரண்டாவது வரியிலிருந்து பாடிக் காட்டினேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வேறெங்கும் கேட்காத பாட்டு, இதையே வைத்துக்கொள்வோம், நன்றாக அமைந்தால் தொடர்ந்து கூப்பிடுகிறோம் என்றார். ஒலிப்பதிவுக்கு நாள் குறித்தாயிற்று. திரும்பி வருகிற ரயிலில்தான் எனக்கு உறைத்தது. முதல் வார்த்தை.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக அது அப்போது இல்லை. அதற்கு முந்தின சாரலில், நனைந்த கம்பத்தில் ஏறிக் குழாயைத் திருப்பும்போது அவருக்குக் கரண்டு அடித்துக் கீழே விழுந்திருந்தார். கை பொசுங்கி, இடுப்பில் அடிபட்டு ரொம்ப நாள் படுக்கையில் கிடந்தார். அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, சோறு ஊட்டி, கண் முழித்துக் கிடந்தது நானும் அத்தையும். ஆயுசு குறையும் என்கிற பேச்சை அதற்கு முன்னால் ஒரு பழக்கமாகத்தான் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு உண்மையிலேயே பயந்தேன். ரேடியோவில் பாடவேண்டும் என்கிற ஆசையும் அந்தப் பயத்துக்குக் குறைந்தது இல்லை. இரண்டும் ஒரே வார்த்தையில் வந்து மாட்டிக்கொண்டன.

அத்தையிடம் சொன்னேன். அவள் ஒரேயடியாக, "அவன் கரண்டுல கை வச்சுப் பொழைக்கிற பய. அந்தப் பேர நீ சொல்லப்பிடாது" என்றாள். பிறகு அவளே வழியும் கண்டுபிடித்தாள். "திரிகூடம்னு போட்டுப் பாடேன். அதுவும் அந்த மலைதான. சாமிக்குத் தெரியாதா?"

போட்டுப் பார்த்தேன். திரிகூடநாதா. தாளத்தில் அச்சு மாதிரி உட்கார்ந்தது. அத்தையின் மூளையே மூளை என்று மெச்சிக்கொண்டேன். அவரிடம், "நீங்க என்ன சொல்லுதீய?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னட்டி? நான் பாட்டக் கேக்கப் போறேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ரேடியோவுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஒலிப்பதிவு அறையில் சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் பலகை அடித்திருந்தார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், அதன் சத்தமும் பதிந்துவிடுமாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த என்ஜினீயர் என் வளையல்கள் சத்தம் போடுகின்றன, கழற்றி வையுங்கள் என்றார். சுமங்கலி எப்படிக் கழற்றுவது? தம்புரா போடுகிற பாளையங்கோட்டை அம்மாள் தன் கைக்குட்டையைக் கொடுத்து வளையல்களை மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். எதிரே சுவரில் பெரிய கடிகாரம். பாட்டு இத்தனை நிமிஷத்துக்குள் முடியவேண்டும் என்று விரலைக் காட்டினார்கள். அதுவரைக்கும் பாட்டு முடிந்தால்தான் முடிந்தது என்று பாடிக்கொண்டிருந்தவள் நான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஆரம்பித்தேன். திரிகூடம் என்று வீட்டில் அத்தனை தடவை பாடிப் பழகியிருந்தும், பயத்தில் வாய் பழைய வழியிலேயே போய், 'ம்ம்ம்' என்றது.

பாட்டு பாதியில் நின்றது. "மைக்ல வார்த்தை விழலை. ஒரு நிமிஷம்" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது. ஒரு ஆள் வந்து மைக்கை மாற்றினார். மறுபடி ஆரம்பித்தேன். முதல் தடவை திரிகூடம் வந்தது, அதே வரியை இரண்டாவது தடவை எடுக்கும்போது மறுபடி 'ம்ம்ம்'. இப்போது வயரை மாற்றினார்கள். என்ஜினீயரே இறங்கி வந்து, சுவரில் வயர் சொருகுகிற இடத்தைக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தார். நான் வியர்த்து நனைந்துபோய், உண்மையைச் சொல்லவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தம்புரா அம்மாளுக்கு எப்படியோ விளங்கிவிட்டது.

"சார், மைக்குல ஒரு கோளாறும் இல்ல. அந்த எடத்துல நெசமா வரவேண்டியது அவுக வீட்டுக்காரரு பேரு" என்றாள்.

என்ஜினீயர் கையில் ஸ்குரூ டிரைவரோடு அப்படியே நின்றார். அதிகாரி என்னைப் பார்த்து, "ஓ, சரி சரி" என்று ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வெளியே போனார். மூன்றாவது தடவை திரிகூடம் பிசகாமல் வந்தது. பாட்டு நன்றாக அமைந்தது. எல்லாருக்கும் திருப்தி. கேட்கிறீர்களா என்று கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள்.

என் குரலை வெளியே நின்று நான் கேட்டது அன்றைக்குத்தான். முதலில் வேறு யாரோ என்றே நினைத்தேன். நான் நினைத்ததைவிட மெலிசாக, நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. ஆனால் அந்த முதல் வார்த்தை பொய்யாகக் கேட்டது. 'சற்றே' என்ற வார்த்தைக்கு எதுகையாக நிற்காமல் அது தனியாக அனாதையாக நின்றது. எதுகையைக்கூட விட்டுவிடலாம். பாட்டில் இருக்கிறவள் உரிமையோடு பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நான் கூப்பிட வேண்டியவரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டிருந்தேன். பாடும்போது இது தெரியவில்லை. அந்த நாடா சுற்றித் திரும்பச் சொன்னபோதுதான் தெரிந்தது. பாட்டு என்பது பாடி முடித்த உடனே காற்றில் போய்விட்டால் நம்மை நாமே எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றிக்கொள்ளலாம் என்று அன்றைக்குப் புரிந்தது.

"இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். என்ஜினீயர், "வேற டேப் கிடையாதும்மா. இதுமேலயேதான் எடுக்கணும். இப்ப எடுத்தது அழிஞ்சுடும். அப்புறம் அது சரியா வரலைன்னா ஒண்ணுமே இருக்காது. யோசிச்சுக்கோங்க" என்றார்.

நல்லபடியாக வந்தது கையில் இருக்கிறது. வீட்டில் ஒப்புக்கொண்டது அது. ரேடியோவும் ஒப்புக்கொண்டுவிட்டது. அதை அழித்துவிட்டு, வாயில் வருமோ வராதோ என்று தெரியாத ஒரு வார்த்தைக்காக மறுபடி உட்காருவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். யாராவது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். யாரும் சொல்லவில்லை. "அழிச்சிருங்க" என்றேன்.

விளக்கு எரிந்தது. கண்ணை மூடினால் கம்பத்தில் அவர் தெரிவார் என்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். தம்புரா அம்மாள் என்னைப் பார்த்தாள். அந்தப் பெயரைச் சொன்னேன். சொன்னேன் என்றால், எங்கள் வாத்தியார் வைத்த சுரத்தில், ஒரு எழுத்து விழுங்காமல், கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன். உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறி இறங்கியது. பயமும் இருந்தது, அதைவிட அதிகமாக ஆசை இருந்தது. கட்டிய நாளிலிருந்து என் வாயில் இருந்த பெயர், ஒரு தடவைகூட வெளியே வராத பெயர். அந்த வரியை எடுக்கவேண்டிய அளவுக்குமேல் ஒரு தடவை கூடுதலாகவே எடுத்தேன். என்ஜினீயர் கண்ணாடிக்குப் பின்னால் தலையை ஆட்டினார்.

எனக்குத் துணைக்கு வந்திருந்த வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் குடையோடு உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். எந்த வார்த்தை என்று அவரும் கேட்கவில்லை. அத்தையும் வீட்டில் கேட்கவில்லை, அவளுக்குத் திரிகூடம்தான் என்பது ஏற்கெனவே முடிவான விஷயம்.

ஒலிபரப்புக்கு இன்னும் நாள் இருந்தது. அந்த நாட்கள் பெரும்பாடு. சாரல் ஆரம்பித்துவிட்டதால் அவர் தினமும் குழாய் கட்ட அருவிப் பக்கம் போனார். கையைத் துடைத்துக்கொண்டு தொடுங்கள், செருப்பைக் கழற்றாதீர்கள், கம்பத்தில் வேறு யாரையாவது ஏறச் சொல்லுங்கள் என்று நான் நச்சரித்தேன். "என்னட்டி, புதுசா வேதம் ஓதுத" என்று அவர் கேட்டார். சாயங்காலம் அவர் வாசலில் கால் கழுவும் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். பெயரைச் சொல்லியாயிற்றுதான். ஆனால் அது இன்னும் அந்த டேப்புக்குள் சுருண்டு கிடக்கிறது, வெளியே வரவில்லை, அதனால் இன்னும் சொன்னதாகக் கணக்கில்லை என்று எனக்குள் ஒரு அசட்டு எண்ணம். சொன்ன வார்த்தை ஒரு நாள் சொல்லப்படுவதற்காகக் காத்திருப்பது அந்த மிஷின் வந்த பிறகு மனுஷருக்கு வந்த புதுக் கஷ்டம்.

அன்றைக்குக் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கடையில் இருந்த பெரிய ரேடியோவை அவர் குழாயோடு இணைத்து வைத்திருந்தார், தெருவே கேட்கட்டும் என்று. பலசரக்கு அண்ணாச்சி கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். அத்தை உள்வாசலில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் அவளுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மட்டும் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, மேஜையில் யாருடைய ரேடியோவையோ பிரித்துப்போட்டுச் சூட்டுக்கோலால் ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். கையில் வேலை இருந்தால் அவருக்கு உலகம் தெரியாது.

அறிவிப்பாளர் என் பெயரைச் சொன்னார். தெருவில் ஒரு சலசலப்பு. தம்புரா கேட்டது. நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன். என் குரல் குழாயிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டது.

"என்னட்டி?" என்றார் அவர்.

குனிந்த தலை நிமிராமல், அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டால் எப்படிக் கேட்பாரோ அப்படி. பிறகு தெருவே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. பலசரக்கு அண்ணாச்சி தொடையில் அடித்துக்கொண்டு, "வே, ரேடியோப் பெட்டிக்கா பதில் சொல்லுதீரு?" என்று கத்தினார். அவர் நிமிர்ந்து ரேடியோவைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்திருந்தது. அதற்குள் என் குரல் இரண்டாவது தடவையும் கூப்பிட்டுவிட்டது. இந்தத் தடவை அவர் பதில் சொல்லவில்லை. சூட்டுக்கோலை ஓரமாக வைத்துவிட்டு, கடைசி வரைக்கும் என் பக்கமே பார்த்தபடி கேட்டார். அத்தனை பேருக்கு நடுவில் அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

அத்தை பாட்டு முடிகிறவரைக்கும் இருக்கவில்லை. மணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டாள். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"திரிகூடம்னுதான சொன்ன" என்றாள்.

"ஆமா அத்தை. ஆனா அங்கன போயி…"

"அவன் என்னட்டிங்கான், கேட்டியா?"

அவள் தோள் குலுங்கியது. திட்டப்போகிறாள் என்று நின்ற நான், அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் நானும் சிரித்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர். பிறகுதான் அது சிரிப்பு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"ஒங்க மாமா கடைசில நெனவு தப்பிக் கெடக்காவ" என்றாள். "ஆளாளுக்குக் காதுகிட்ட குனிஞ்சு பேரச் சொல்லிக் கூப்பிடுதாவ, கண்ண முழிப்பாவளான்னு. அவுக அண்ணன் கூப்பிடுதாரு, தங்கச்சி கூப்பிடுதா. நான் மட்டும், இந்தாங்க, இந்தாங்கன்னுட்டு நிக்கேன். பேரச் சொன்னா ஆயிசு கொறஞ்சிரும்லா."

அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் போனவள், கொட்டாமல் நின்றாள்.

"நான் கூப்பிட்டிருந்தா, ஒருவேள என்னட்டின்னு கேட்டிருப்பாவளோ என்னமோ."